டொராண்டோ: ஏரிக்கரை நகரமும் பத்து ஷில்லிங் பேரமும்

ஏரி என்றதும் உளுந்தூர்ப்பேட்டை வாசிகளுக்கு மதகும் நன்செயுமே நினைவுக்கு வரும். கனடாவிலுள்ள ஒண்டாரியோ ஏரியோ சுமார் 19,000 சதுர கிலோமீட்டர், ஏரியென்பது பெயருக்குத்தான்! அதன் வடகரையில் 1793-ல் ஆங்கிலேயர் நிறுவிய ‘யார்க்’, 1834-ல் டொராண்டோ நகரமாயிற்று. முதல் மேயரான மெக்கென்ஸியே 1837-ல் சர்க்காரை எதிர்த்துக் கலகக்கொடி தூக்கினார்.

553 மீட்டர் உயரக் கோபுரத்தைக் காண யாத்திரிகர் திரள்கின்றனர். அதனினும் அதிசயம் அந்நகரத்து ஜனங்கள். 2021-ம் வருஷக் கணக்கின்படி ஏறக்குறையப் பாதிப்பேர் அயல்நாட்டில் பிறந்தவர்கள். 1983 படுகொலைகளுக்குப் பின் இலங்கைத் தமிழர் ஆயிரமாயிரமாய் அங்கே அடைக்கலம் புகுந்தனர்.

ஆனால் அந்த மண் யாருடையது? மிஸிஸாகா பழங்குடியினருடையது. 1787-ல் எழுதிய சாசனத்தில் நில விவரமே இல்லை! ஆகவே 1805-ல் சுமார் 2,50,000 ஏக்கரைப் பத்து ஷில்லிங்குக்கு எழுதி வாங்கினர். கனடா சர்க்கார் 14.5 கோடி டாலர் ஈடு கொடுக்க இசைந்தது 2010-ல்தான்.