இறக்கத்தில் இழுவைப் பெட்டியின் பிறேக்குகள்

கொஸ்லந்தவிலும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டப் பகுதிகளிலும் கமஞ் செய்வோருக்கு, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது பயிர் செய்வதற்குச் சற்றும் குறையாத வேலையாகும். பெரகலவிலிருந்து கொஸ்லந்த வழியாக வெல்லவாய நோக்கிச் செல்லும் வீதி நெடுகிலும் வளைவும் இறக்கமுமாக இருப்பது நீங்கள் அறிந்ததே. இவ்வீதியிலும் இதிற் சேரும் கிளைப் பாதைகளிலும் நெல் மூடைகளும் கோவா, போஞ்சி, கறிமிளகாய் முதலிய மரக்கறிகளும் இழுவைப் பெட்டிகளில் ஏற்றிச் செல்லப்படுகின்றன. அப்பெட்டிகளைப் பெரும்பாலும் இழுப்பது இரு சில்லு உழவு இயந்திரமே. "லான்ட்மாஸ்டர்" என்பது பிரித்தானியாவிற் செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தின் பெயர். இன்று யப்பானிலோ சீனாவிலோ செய்த இயந்திரத்தையும் நம்மவர் அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

இவ்வியந்திரம் சேற்று வயலை உழுவதற்கென ஆக்கப்பட்டது. வயலில் நிறுத்த வேண்டுமாயின் கிளச்சை விட்டாற் போதும். சேறே அதை நிறுத்திவிடும். ஆகையால் இதன் சில்லுகளுக்கு வலுவான பிறேக்குகள் வைக்கப்படவில்லை. சிலவற்றிற் கிளச்சுப் பிடியோடு சேர்ந்த சிறு பிறேக்கு உண்டெனினும், அது வெறும் இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்துவதற்கு உதவுமேயன்றி, பின்னாலிருந்து தள்ளிவரும் ஒரு தொன் பாரத்தைத் தாங்காது. எனவே இறக்கத்தில் உங்களைக் காப்பவை பெட்டியின் சில்லுகளிலுள்ள பிறேக்குகள் மாத்திரமே. பெட்டியைப் பலகையும் இரும்பும் என்று எண்ணி, இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றும்போது பெட்டியை மறந்துவிடுவது பல கமக்காரரிடம் காணப்படும் வழக்கம். மலைநாட்டில் இவ்வழக்கம் உயிருக்கே ஆபத்தானது.

பிறேக்கு செய்யும் வேலை எத்தகையதென்பதை ஒரு கணக்கினால் விளக்கலாம். கொஸ்லந்தவுக்கு அண்மையிலுள்ள தியலும நீர்வீழ்ச்சியின் உயரம் 220 மீற்றர். பெட்டியும் சுமையுமாக ஒரு தொன் நிறை அவ்வளவு உயரம் வீதிவழியே மெதுவாக இறங்குகின்றதெனக் கொள்வோம். அந்த நிறை இழக்கும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறியாக வேண்டும். அவ்வெப்பம் ஏறத்தாழ ஏழு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இயந்திரம் தாழ்ந்த கியரில் இருந்தால் இவ்வெப்பத்தின் ஒரு பங்கை அது ஏற்றுக்கொள்ளும். கியரை விலக்கிவிட்டு இறங்கினால் அநேகமாக அத்தனையும் உள்ளங்கையளவுள்ள சில பிறேக்குத் துண்டுகளின் மேலேயே விழும். அவை அளவுக்கு மீறிச் சூடேறியதும் வழுக்கத் தொடங்கும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பெட்டி நில்லாது. மலையுச்சியில் நன்றாகப் பிடித்த பிறேக்கு அடிவாரத்திற் பிடியாமற் போவதன் காரணம் இதுவே.

கட்டுப்பாட்டை இழந்த வாகனத்துக்கு மலைவீதியில் என்ன நேருமென்பதை இப்பகுதி மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் ஒரு பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் மாண்டனர்.

உங்கள் பெட்டியில் எவ்வகைப் பிறேக்கு உள்ளது?

பெட்டியோடு சேர்த்து விற்கப்படும் பிறேக்கு பெரும்பாலும் ட்றம் வகையைச் சார்ந்தது. சாரதி காலால் மிதிக்கும்போது ஓர் இரும்புக் கோல் இழுபட்டு, ட்றமின் உள்ளே இரண்டு சூக்களை விரிக்கும். பழைய வாகனமொன்றின் அச்சைக் கொண்டு கட்டப்பட்ட பெட்டிகளிலோ எண்ணெயால் இயங்கும் பிறேக்கு இருக்கக் கூடும். அவற்றுட் சில தட்டுப் பிறேக்குகள். சில்லோடு சுழலும் ஓர் இரும்புத் தட்டை இருபுறமும் இரண்டு துண்டுகள் கவ்விப் பிடிக்கும். தட்டு வெளிக்காற்றில் இருப்பதால் விரைவில் ஆறும். நனைந்தாலும் விரைவில் உலரும். மலைப்பாதைக்கு இது ஏற்றதாயினும், கவனியாது விட்டால் ட்றமைவிட விரைவிற் கெடும். ஆகவே தட்டுப் பிறேக்கைப் பற்றியே இங்கு விரிவாகக் கூறுவோம்.

ட்றம் பிறேக்கிற் கவனிக்க வேண்டியவை சில. சூவின் மேல் ஒட்டிய துண்டு 2 மில்லிமீற்றருக்குக் குறைந்தாலும், தறையாணி தலைகாட்டினாலும் அதனை மாற்றுதல் வேண்டும். இரு சில்லுகளிலும் ஒரே வேளையில் மாற்றுக. ஒரு புறம் புதிதும் மறுபுறம் பழையதுமாக இருந்தால் பெட்டி ஒரு பக்கம் இழுக்கும். கோல்களைப் பொருத்தும் ஊசிகளுக்குப் பிளவூசியே இடவேண்டும். வேலிக் கம்பியை முறுக்கி வைப்பது கூடாது. நடுவழியில் அது கழன்றால் மிதிக்கும் பிறேக்குக்கும் தொடர்பே அற்றுவிடும்.

தட்டுப் பிறேக்கைச் சோதித்தல்

போகம் முடிந்து பல வாரங்கள் மழையில் நிற்கும் பெட்டியே விரைவிற் கெடுவது. துண்டுகளைத் தாங்கும் கவ்வி இரண்டு ஊசிகளின் மேல் முன்பின்னாக வழுக்கி நகர வேண்டும். ஈரத்தினால் அவ்வூசிகள் துருப்பிடித்தால் கவ்வி ஒரே இடத்தில் நின்றுவிடும். அதன்பின் உட்புறத் துண்டு மாத்திரம் தேயும். வெளிப்புறத் துண்டு புதிதுபோல் இருக்கும். வெளியில் நின்று குனிந்து பார்ப்பவர் தடித்த துண்டைக் கண்டு திருப்தியடைந்து போய்விடுவார். ஆதலால் சில்லைக் கழற்றி இரண்டு துண்டுகளையும் பார்த்தல் அவசியம்.

வேலையைத் தொடங்குமுன் பெட்டியைச் சுமையின்றிச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சில்லின் முன்னும் பின்னும் கட்டை வைக்க. சில்லு நட்டுகளைச் சிறிது தளர்த்திய பின்னரே யக்கினால் தூக்குதல் நன்று. யக்கை மாத்திரம் நம்பிப் பெட்டியின் கீழே செல்லாதீர்கள். அச்சின் கீழ் உறுதியான மரக்குற்றிகளைக் கொடுக்க. சில்லைக் கழற்றுமுன் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பெயாரிங்கை முதலிற் சீர்செய்ய வேண்டும். அது ஆடும்வரை தட்டும் நேராக ஓடாது.

துண்டிலுள்ள உராய்பொருள் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் நான்கு துண்டுகளையும் மாற்றுக. தட்டின் மேல் ஒரு நாள் மழையில் ஏற்படும் செந்நிறத் துரு தீங்கற்றது. சிறிது தூரம் பிறேக்குப் பிடித்து ஓட்டினால் அது நீங்கும். ஆனால் குழிவிழுந்த துருவும் வெடிப்பும் வேறு சங்கதி. தட்டு எவ்வளவு மெலியலாம் என்ற அளவு பெரும்பாலும் அதன் ஓரத்தில் அல்லது நடுப்பகுதியிற் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வளவுக்குக் கீழே தேய்ந்த தட்டைக் கடைந்து பயன்படுத்த முயலாது கழித்துவிடுதலே முறை. மெலிந்த தட்டு வெப்பத்தைத் தாங்க மாட்டாது.

வழுக்கூசிகளைக் கழற்றித் துருவைத் துடைத்து, பிறேக்குக்கென விற்கப்படும் கிறீஸை மிகச் சிறிதளவு பூசுக. பெயாரிங்குக்கு இடும் சாதாரணக் கிறீஸ் சூட்டில் உருகித் துண்டுகளின்மேல் வழியும். இறப்பர் உறைகளையும் உப்பச் செய்யும். கிறீஸோ எண்ணெயோ ஊறிய துண்டுகளைப் பெற்றோலிற் கழுவியும் நெருப்பிற் சுட்டும் மீண்டும் பொருத்துவோர் உளர். இது வீண் முயற்சி. சூடேறியதும் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடியும் மேலே வரும். பழைய துண்டுகளின் தூசியில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். ஆதலால் அதனை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாது, ஈரத்துணியாற் துடைத்தெடுக்க வேண்டும்.

பிறேக்கை விட்ட பின்னும் ஒரு சில்லு மாத்திரம் சுடுமாயின், கவ்வியினுள் இருக்கும் பிஸ்ரன் இறுகியிருக்கலாம். அல்லது இறப்பர்க் குழாய் உட்புறம் வீங்கி எண்ணெயைத் திரும்பவிடாது தடுக்கலாம். எண்ணெயை வெளிவிடும் சிறு புரியாணியைத் தளர்த்திப் பாருங்கள். உடனே சில்லு இலகுவாகச் சுழன்றால் குழாயையே முதலிற் சந்தேகிக்க வேண்டும். சுழலாவிடின் பிஸ்ரனோ வழுக்கூசியோ இறுகியுள்ளது. இறுகிய பிஸ்ரனைக் குறட்டினாற் பிடித்து முறுக்கினால் அதன் மேற்பரப்புக் கீறுண்டு எண்ணெய் கசியத் தொடங்கும். அவ்வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே இலாபம்.

பிறேக்கு எண்ணெய்

பிறேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 எனக் குறிக்கப்பட்ட எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டிலேயே கொதிக்க வேண்டுமென்பது விதி. ஈரம் ஊறிய நிலையில் இவ்வெல்லை 140 பாகையாகக் குறைந்துவிடுகின்றது. நீண்ட இறக்கத்திற் கவ்வியினுள் எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகும். எண்ணெயை அமுக்க இயலாது. ஆவியையோ எளிதில் அமுக்கலாம். ஆகவே மிதி அடிவரை இறங்கும், பிறேக்குப் பிடியாது. மழை மிகுந்த நமது பிரதேசத்தில் இரண்டு வருடங்களுக்கொருமுறை எண்ணெயை முற்றாக மாற்றுவது நன்று. இதற்கு ஆகும் செலவு அற்பமே. எண்ணெய் குறைந்துவிட்டதென்று இயந்திர எண்ணெயையோ மண்ணெண்ணெயையோ ஊற்றுவோர், தொகுதியிலுள்ள இறப்பர் முழுவதையும் ஒரே நாளிற் கெடுத்துவிடுகின்றனர்.

காற்றை வெளியேற்ற இருவர் தேவை. மிதியிலிருந்து தூரத்திலுள்ள சில்லில் தொடங்குக. புரியாணியில் ஒரு தெளிந்த குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது புதிய பிறேக்கு எண்ணெய் உள்ள போத்தலில் அமிழ்த்துக. ஒருவர் மிதியைச் சிலமுறை மிதித்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் புரியாணியைத் திறந்து மூட வேண்டும். மூடிய பின்னரே மிதியை விடுதல் வேண்டும்; முந்தி விட்டால் காற்று மீண்டும் உட்புகும். குமிழி வருவது நின்று, தெளிந்த எண்ணெய் வரும்வரை இவ்வாறு செய்க. இடையில் எண்ணெய்த் தொட்டி வற்றாதபடி பார்த்துக்கொள்க. வெளிவந்த எண்ணெயை மீண்டும் ஊற்றலாகாது. அது நஞ்சாதலால் வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டாது, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் மூடி வைத்து, கழிவெண்ணெய் பெறும் வாகனத் திருத்தகத்திற் கொடுக்க.

பாரத்தோடு இறங்குதல்

திருத்திய பெட்டியை உடனே சுமையேற்றி மலையிறக்காதீர்கள். வெறும் பெட்டியுடன் சமதரையில் நடைவேகத்திற் சென்று பலமுறை நிறுத்திப் பாருங்கள். இரு சில்லுகளும் ஒரே வேளையிற் பிடிக்கின்றனவா, பெட்டி ஒருபுறம் சாய்கின்றதா என்பன அப்போது தெரியும். பின்னர் அரைச் சுமையோடு சோதிக்கலாம்.

இறக்கம் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாறுங்கள். அதே பாதையில் ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதற்கு மேற்பட்ட கியரில் இறங்கலாகாது. எண்ணெயை மீதப்படுத்தக் கிளச்சை விட்டு இறங்குவது பெருந்தவறு.

இரு சில்லு இயந்திரத்தில் இன்னுமோர் ஆபத்து உண்டு. சமதரையில் இடப்பக்கத் திருப்புக் கிளச்சை அழுத்தினால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும்; இடச் சில்லு வலுவின்றி நிற்க, வலச் சில்லு தள்ளிச் செல்வதே அதற்குக் காரணம். இறக்கத்திலோ பாரம் பின்னிருந்து தள்ளுகின்றது. இயந்திரம் சில்லுகளைத் தடுத்துப் பிடிக்கின்றது. அப்போது இடக் கிளச்சை அழுத்தினால், தடுப்பு நீங்கிய இடச் சில்லே விரைந்தோடும். இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். வீதியின் வலப்பக்கம் பள்ளமாயின் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இறக்கத்தில் திருப்புக் கிளச்சைத் தொடாது, வேகத்தைக் குறைத்துக் கைபிடியினாலேயே திருப்புதல் வேண்டும். புதிதாக ஓட்டப் பழகும் மகனுக்கோ மருமகனுக்கோ முதலிற் சொல்லிக் கொடுக்க வேண்டியது இதுவே.

மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலும், எரிமணம் வந்தாலும் இடத்தைப் பார்த்து உடனே நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை கொடுங்கள். முக்கோண வடிவில் வெட்டிய இரண்டு மரக்கட்டைகள் எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். சூடான தட்டின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது வெடிக்கும். தானாக ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். எவ்வளவு அவசரமாயினும் மூடைகளின் மேல் ஆட்களை, சிறப்பாகப் பாடசாலைப் பிள்ளைகளை, ஏற்றிச் செல்ல வேண்டாம். பெட்டி புரளும்போது மேலிருப்பவர் மூடைகளுக்கடியில் அகப்படுவர்.

இப்பத்திரத்திற் கூறியவற்றுள் விளங்காதவை இருப்பின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக. பெட்டியின் அச்சு எந்த வாகனத்துக்குரியது என்பதை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டால், பொருத்தமான துண்டுகளைக் கடையில் வாங்குவது எளிதாகும். இயலாவிடின் பழைய துண்டொன்றைக் கையோடு எடுத்துச் செல்க.