நெல்வயலிற் பாசியும் பசளையிடும் முறையும்

விதைத்துப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் சென்றபின், தெளிந்த நீர் தேங்கி நிற்கும் வயலிற் பச்சைப் பாசி படர்வதைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். முதலில் அது சேற்றின்மேல் மெல்லிய சவ்வாகப் படியும். வெயில் ஏறியதும் அதனுள் ஒட்சிசன் குமிழிகள் திரண்டு, படலம் கழன்று மேலே மிதக்கும். காற்று அதனை ஒரு பக்கத்து வரம்போரமாக ஒதுக்கும். அவ்வாறு ஒதுங்கும்போது இளம் பயிரைப் பின்னி வேரோடு இழுத்துவிடும். நீர் வற்றினால் அப்படலம் பயிர்மேற் படிந்து அதனை அமுக்கிவிடும். நாற்று நட்ட வயலில் இத்தீங்கு குறைவு. வீசி விதைத்த வயலிலேயே இது பெரிதும் காணப்படும்.

பசளை மிகுந்தமையாற் பாசி வந்தது, ஆகவே பசளையை நிறுத்துதல் வேண்டும் என்பர் சிலர். இது பாதி உண்மையே. பாசியும் வெளிச்சத்தையும் நைதரசன், பொசுபரசு முதலிய சத்துக்களையும் கொண்டு வாழ்வது. ஆயினும் நெல்லின் வேர் மண்ணில் உள்ளது. பாசியோ நீரிலும் மண்ணின் மேற்பரப்பிலும் வாழ்கின்றது. மண்ணினுட் சேர்ந்த பசளை பயிருக்கு உணவு. நீரிற் கரைந்து நிற்பது பாசிக்கு உணவு. கண்ணாடித் தொட்டியில் மீனுடன் நீர்ச்செடி வளர்ப்போரும் இதனை ஒத்த ஒன்றை அறிவர். செடிகள் குறைவின்றிச் செழிக்கும் தொட்டியிற் பாசி அடங்கி நிற்கும். ஏதேனும் ஒரு சத்துக் குறைந்து செடி தளர்ந்ததும் அது மேலோங்கும்.

பொசுபரசு விடயத்திலேயே தவறு அதிகம் நேர்கின்றது. முச்சுப்பர் பொசுபேற்றை, விதைத்தபின் தேங்கிய நீரின்மேல் வீசுவோர் பலர். பொசுபரசு மண்ணைப் பற்றிக்கொண்டு அசையாது நிற்கும் இயல்பினது. மேலே வீசியது கீழே வேரிடம் எளிதிற் செல்லாது. நீரிற் கரைந்த பங்கைப் பாசி முந்திக்கொள்ளும். நீலப்பச்சைப் பாசி வகைகளுட் சில நைதரசனைக் காற்றிலிருந்தே பெறவல்லன. அவற்றின் பெருக்கத்தைத் தடுத்து நிற்பது பெரும்பாலும் பொசுபரசுக் குறைவே. ஆதலின் இப்பசளையைக் கடைசி மட்டப்படுத்தலுக்கு முன், நீரை வடித்துச் சேற்றிலிட்டு நன்கு கலத்தல் வேண்டும். ஆண்டுதோறும் இட்டுவந்த வயலில் முன்னைய பொசுபரசு தேங்கியிருத்தல் கூடும். மண்ணைப் பரிசோதிப்பித்து அளவைக் குறைத்தல் செலவையும் குறைக்கும். 1971 இற் கண்டுபிடிக்கப்பட்ட எப்பாவலைப் பொசுபேற்றுக் கல் மலிவானதே. ஆனால் எளிதிற் கரையாமையால், நெல் போன்ற குறுகிய காலப் பயிருக்கு ஏற்றதன்று.

யூரியாவின் கதை வேறு. பாசி பகலில் நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால், நண்பகலுக்குப்பின் வயல் நீர் மிகுந்த காரத்தன்மை அடைகின்றது. யூரியாவிலிருந்து தோன்றும் அமோனியம் அந்நீரில் அமோனியா வாயுவாக மாறிக் காற்றோடு போய்விடும். நூறு கிலோகிராம் யூரியாவில் 46 கிலோகிராம் நைதரசன் உண்டு. பாசி மூடிய நீரின்மேல் வீசினால் அதிற் கணிசமான பங்கு வீணாகும். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது ஒரு மூடைக்கு அலைந்தவர்க்கு இந்நட்டத்தின் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டியதில்லை. யூரியாவை ஒரே முறையில் இடாது, பயிரின் பருவத்துக்கேற்பப் பிரித்து இடுக. இடுவதற்கு முன் நீரை வடித்துச் சேறு ஈரமாக மாத்திரம் நிற்கும்படி செய்து, இலைகள் உலர்ந்திருக்கையில் வீசி, மறுநாள் நீர் கட்டுக.

பொற்றாசையும் நாகத்தையும் மறத்தல் ஆகாது. நீர் வடியாத வயல்களில் நாகம் குறைந்தாற் பயிர் குட்டையாகி இலைகளிற் கபிலப் புள்ளிகள் தோன்றும். அங்கே வெயில் தடையின்றி நீரில் விழ, பாசி தடையின்றி வளரும். எல்லாச் சத்தும் அளவாகப் பெற்ற பயிர் விரைவில் மட்டம் வெடித்து நிலத்தை மூடிவிடும். நிழல் விழுந்ததும் பாசி தானே தேயும்.

ஏற்கெனவே பாசி பிடித்த வயலில் நீரை வடித்து, மேற்பரப்பு உலரும்வரை இரண்டு மூன்று நாட்கள் விடுக. நிலம் வெடிக்க விடற்க. உலர்ந்த வயலிற் களை முளைப்பதனால் அதனையும் கவனித்தல் வேண்டும். குளத்து நீர் குறைந்த சிறுபோகத்தில், மறுபடி நீர் கிடைக்கும் முறை நாளை அறிந்தபின்னரே வக்கடையைத் திறக்குக. மயில்துத்தத்தை நீரிற் கரைக்கும் வழக்கத்தை நாம் விரும்புவதில்லை. அது மீனைக் கொல்லும். அதன் செம்பு மண்ணிலே தங்கிவிடும்.

பாசி அனைத்தும் பகையன்று. வங்காள நெல்வயல் மண்ணை ஆராய்ந்த பி. கே. டே என்பவர், நீலப்பச்சைப் பாசிகள் காற்றின் நைதரசனை மண்ணுக்குச் சேர்க்கின்றன என 1939 இல் எடுத்துக்காட்டினார். வளர்ந்த பயிரின் அடியிற் காணும் மெல்லிய பாசியை அவ்வாறே விட்டுவிடலாம்.

தோட்டச் செய்கையாளருக்கும் ஒரு சொல். வலிகாமத்துச் செம்மண்ணின் கீழே சுண்ணக்கல் உள்ளது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மிகையாக இட்ட நைதரசன் நைத்திரேற்றாகக் கிணற்றை அடைகின்றது. அப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது குடிநீருக்குரிய எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்துள்ளது. கைக்குழந்தைகளுக்கு அந்நீர் ஆபத்தானது; கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. பசளையைச் சிறிது சிறிதாக, வேர் எட்டும் ஆழத்துக்கு மேற்படாத நீருடன் இடுக. நீர்த்தொட்டியிற் பாசி கட்டினால், தொட்டியைக் கிடுகால் மூடி வெளிச்சத்தைத் தடுக்குக. அள்ளிய பாசியை உலர்த்திக் கூட்டெருக் குவியலிற் சேர்க்கலாம்.