வெற்றுக்குலையின் நுண்ணிழை

பினாங்கின் ஜார்ஜ்டவுன் கடைகளில் நாசி கண்டார் சோற்றைப் பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளின் உட்பக்கம் வழுவழுவென்றிருக்கும். குழம்பைக் கசியாமல் காப்பது அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதனால்தான் அந்தத் தாள் மண்ணில் முழுதாக மக்குவதில்லை. பழைய காகிதம் வாங்கும் ஆலைகளும் அதை விரும்புவதில்லை. பினாங்கில் 2011 ஜனவரியிலிருந்து வாரத்தின் எல்லா நாளும் இலவசப் பிளாஸ்டிக் பை கிடையாது. பை போயிற்று, படலம் போகவில்லை.

இந்தப் படலத்தின் வேலையைக் காகித நாரே செய்ய முடியும் என்கிறது நானோ ஆய்வு. காகிதக் கூழின் ஒவ்வொரு நாரும் எண்ணற்ற செல்லுலோஸ் நுண்ணிழைகளின் கற்றை. அவற்றின் தடிமன் சில நானோமீட்டர்தான்; ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் அடங்கும். கூழை மிகுந்த அழுத்தத்தில் குறுகிய துளை வழியே திரும்பத் திரும்பச் செலுத்தினால் கற்றை பிரிந்து, கஞ்சி போன்ற கெட்டியான களியாகிறது. அது உலரும்போது இழைகள் நெருங்கிப் பின்னிக்கொள்கின்றன. எண்ணெயும் ஆக்சிஜனும் அந்த நெருக்கத்துக்குள் எளிதில் நுழைவதில்லை.

அமெரிக்காவின் ஐ.டி.டி. ரேயோனியர் ஆய்வாளர்கள் 1970களின் இறுதியிலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள். மின்செலவுதான் கையைக் கடித்தது. பின்னர் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசோகாய் குழு, டெம்போ என்ற வினையூக்கியின் உதவியால் இழைகளுக்கு மின்னேற்றம் தந்தது. ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை ஒன்றையொன்று விலக்குமல்லவா? பிரிக்கத் தேவைப்பட்ட ஆற்றல் வெகுவாகக் குறைந்தது. 2015இல் அந்தக் குழுவுக்கு மார்க்கஸ் வாலன்பெரி விருது கிடைத்தது.

மலேசியாவுக்கு இதில் தனி அக்கறை உண்டு. ஒரு டன் செம்பனைப் பழக்குலையிலிருந்து பழங்களை உதிர்த்தபின் ஏறத்தாழ 220 கிலோ வெற்றுக்குலை மிஞ்சுகிறது. தமிழர்கள் தலைமுறைகளாக உழைத்த தோட்டங்களில் அது பெரும்பாலும் மரத்தடியில் உரமாகப் பரப்பப்படுகிறது. பினாங்கின் மிண்டன் வளாகத்தில் இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் எச்.பி.எஸ். அப்துல் கலீலின் குழு, இத்தகைய தாவரக் கழிவின் நுண்ணிழைகளை நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. கடற்பாசியால் செய்த மக்கும் படலங்களைச் செல்லுலோஸ் சேர்த்து வலுவாக்குவதும் அவர்களின் ஆய்வில் அடங்கும்.

தடையாக நிற்பது தண்ணீர். நுண்ணிழைக்கு ஈரம் பிடிக்கும். ஈரக்காற்றில் அது உப்பி, ஆக்சிஜனைத் தடுக்கும் திறனை இழக்கிறது. பினாங்கின் புழுக்கமோ ஆண்டு முழுவதும். மேலே இன்னொரு நீர்விலக்கிப் பூச்சு இல்லாமல் சூடான குழம்பைத் தாங்கும் தாள் இதிலிருந்து மட்டும் வராது.

ஆகவே பொட்டலத் தாளைவிட அட்டைப்பெட்டியில் தொடங்குவதே புத்திசாலித்தனம். செபராங் பிறையில், சிம்பாங் அம்பாட் பக்கம் உள்ள மூடா காகித ஆலை பழைய காகிதத்தையே கூழாக்குகிறது. ஒவ்வொரு முறை உலரும்போதும் நார் விறைத்து, பிணையும் சக்தியை இழக்கிறது. சில சதவீத நுண்ணிழை சேர்த்தாலே பிணைப்பு மீண்டும் வலுக்கும் என்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை நிறுவப்பட்டது. ஐரோப்பாவில் ஸ்டோரா என்சோ நிறுவனம், பானப் பெட்டிக்கான அட்டையில் இதைச் சேர்த்து எடையைக் குறைத்திருக்கிறது. ஆனால் நுண்ணிழைக் களி நீரைப் பிடித்துவைப்பதால் காகித எந்திரத்தின் கம்பிவலையில் நீர் மெதுவாக வடியும். எந்திரத்தின் வேகம் குறையும். எந்திர வேகமே லாபத்தைத் தீர்மானிக்கும் தொழிலில் இது சிறிய விஷயமில்லை.

அந்த நுண்ணிழையை வெற்றுக்குலையிலிருந்து எடுப்பதென்றால், அதில் எஞ்சியிருக்கும் எண்ணெயையும் மணலையும் கூழாக்கும் முன் கழுவியாக வேண்டும். அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவைத் தோட்டம் ஏற்பதா, காகித ஆலை ஏற்பதா என்பதும் கணக்கில் வரவேண்டும்.