கோதாவில் இறங்க மனம் வேண்டும்

கோலார் தங்கவயல் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சினிமாதான் ஞாபகம் வருகிறது. 2018-லும் 2022-லும் வந்த கன்னடப் படங்களைப் பார்த்துவிட்டு என் பேரன் கேட்டான்: "தாத்தா, உங்க ஊர்ல எல்லாரும் துப்பாக்கியோடதான் சுத்துவாங்களா?"

"துப்பாக்கி கிடையாதப்பா. சில பேர் கையில பாக்சிங் கிளவுஸ் இருந்தது" என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்காகவும், அவனைப் போல் பிழைப்புக்காக வெளியூர் போன குடும்பங்களில் பிறந்து ஊரைப் பார்க்காமலே வளரும் மற்றப் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

வடசென்னையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கன் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்ததை 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தின் மூலம் பலரும் அறிவார்கள். அதே பா. ரஞ்சித் 2024-ல் எங்கள் தங்கவயல் மண்ணை வைத்துத் 'தங்கலான்' எடுத்தார். ஒரே இயக்குநர் இரண்டு படங்களாக எடுத்த இந்த இரண்டு சங்கதிகளும் எங்கள் லைன் வீடுகளில் ஒன்றாகவே இருந்தன. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த நம் ஜனங்கள், வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத் தாங்களும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டார்கள்.

என் தாய்மாமன் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். பாறையே கொதிக்கும். எந்த நேரத்தில் பாறை வெடிக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே எட்டு மணி நேரம் இருந்துவிட்டு மேலே வந்து குளித்த கையோடு, எங்கள் லைனுக்குப் பின்னால் மணல் நிரப்பிய கோணிப்பையைக் கட்டித் தொங்கவிட்டு எங்களுக்குக் குத்தச் சொல்லித் தருவார். எங்கள் பக்கத்தில் ஹெவிவெயிட் பிரிவுக்கு ஆளே கிடைக்காது. அவ்வளவு ஆழத்தில் உழைக்கிறவன் உடம்பில் சதை எங்கே தங்கும்? ஆனால் பேச்செல்லாம் ஹெவிவெயிட் பற்றித்தான். முகமது அலி, ஃப்ரேசியர், ஃபோர்மன் ஆகியோரின் படங்கள் பத்திரிகையிலிருந்து கத்தரிக்கப்பட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

எனக்கு வந்த ஜுரம்

1975-ல் எனக்குப் பதினாறு வயது. மாரிக்குப்பம் பக்கத்துப் பையன் ஒருவனோடு எனக்குச் சண்டை ஏற்பாடாகியிருந்தது. அவன் கை நீளம். அதற்கு முந்தைய போட்டியில் அவன் ஒரு பையனின் மூக்கை உடைத்ததை நான் நேரில் பார்த்திருந்தேன். போட்டியன்று காலை எனக்கு ஜுரம் என்று அம்மாவிடம் சொல்லிப் படுத்துவிட்டேன்.

மாமா வந்து நெற்றியில் கை வைத்தார். கை சுடவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக மைதானத்துக்குப் போய், "பையனுக்கு ஜுரம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் திட்டியிருந்தால் அந்த வாரமே மறந்திருப்பேன்.

சின்ன ஊரில் ஒருவனைத் தட்டிக் கழித்துவிட்டுத் தப்ப முடியாது. ராபர்ட்சன்பேட்டை சந்தையில் எதிரே வருவான். கோயில் திருவிழாவில் கண்ணில் படுவான். பங்காருப்பேட்டை ரயிலில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். நான் ஒரு வருஷம் ரயிலில் பெட்டி பார்த்து ஏறினேன்.

நான்கு சங்கம், நான்கு பட்டம்

உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் தட்டிக் கழிப்பது மிகவும் சுலபம். அங்கே ஒரே உலகத்துக்கு நான்கு சங்கங்கள்: டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. கடைசி இரண்டும் 1980-களில் வந்தவை. நம் தமிழ்ச் சங்கங்களைப் போலவே ஒன்றில் மனஸ்தாபம் வந்தால் இன்னொன்று. ஒவ்வொன்றும் தனித்தனியே உலக சாம்பியன் பட்டம் கொடுக்கும். நான்கு பேர் நான்கு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமலே காலத்தை ஓட்டிவிடலாம்.

1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ரிடிக் போவை இரண்டாவது ரவுண்டிலேயே தோற்கடித்தவர் லெனாக்ஸ் லூயிஸ். 1992 நவம்பரில் ஹோலிபீல்டை வென்று போ உலக சாம்பியன் ஆனதும், லூயிஸைச் சந்திக்க வேண்டிய முறை வந்தது. பணப் பேச்சு சரிவரவில்லை. அந்த டிசம்பரில் லண்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால் போ தன் டபிள்யூ.பி.சி. பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். தொழில்முறையில் இருவரும் கடைசி வரை மோதவே இல்லை. யார் பெரியவர் என்று இன்றும் வாதாடலாம். வாதாடத்தான் முடியும்.

இது புதுப் பழக்கமும் அல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் நிறத்தைக் காட்டித் தட்டிக் கழித்தார்கள். கறுப்பரான ஜாக் ஜான்சன், அன்றைய சாம்பியன் டாமி பர்ன்ஸைத் துரத்திக்கொண்டு ஆஸ்திரேலியா வரை போக வேண்டியிருந்தது. 1908 டிசம்பர் 26-ம் தேதி சிட்னியில் பதினான்காவது ரவுண்டில் போலீஸார் சண்டையை நிறுத்தும் அளவுக்கு அடித்துப் பட்டத்தை வாங்கினார். அவ்வளவு பாடுபட்டவர் பட்டம் வந்த பிறகு என்ன செய்தார்? சாம் லாங்ஃபோர்ட் என்ற இன்னொரு திறமையான கறுப்பு வீரருக்குக் கடைசி வரை வாய்ப்பே கொடுக்கவில்லை. நாற்காலி கிடைத்ததும் மனிதன் மாறுவது எல்லாத் துறையிலும் உண்டு.

நான் 37 வருஷம் ரயில்வேயில் தண்டவாளமும் பாலமும் பார்த்தவன். புதுப் பாலம் கட்டினால் கனமான எஞ்சினை அதன் மேல் நிறுத்தி, கர்டர் எவ்வளவு தாழ்கிறது என்று அளப்போம். கணக்கு காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் பாரம் ஏற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டோம். வண்டி ஏறாத வரைக்கும் எல்லாப் பாலமும் பலமான பாலம்தான். தன்னைத் தோற்கடிக்கக் கூடியவனைச் சந்திக்காத சாம்பியனும் அப்படித்தான்.

மாமா போட்ட கணக்கு

1980 ஜனவரியில் முகமது அலி மதராஸுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். நானும் மாமாவும் பங்காருப்பேட்டையில் ரயில் ஏறிப் போனோம். நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அலி ஒரு விரல் உயரம்தான் தெரிந்தார். ஆனாலும் பார்த்தோம்.

திரும்பி வரும்போது ஜோலார்பேட்டையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மாமா கேட்டார்: "அந்த ஆளு இதுவரைக்கும் யார் யார்கிட்ட தோத்தான், சொல்லு."

சொன்னேன். 1971-ல் ஜோ ஃப்ரேசியர். 1973-ல் கென் நார்டன், தாடை எலும்பே உடைந்தது. 1978-ல் லியான் ஸ்பிங்க்ஸ்.

"அப்புறம்?"

"மூணு பேரையும் திரும்ப அடிச்சாரு மாமா."

"அதான்டா. ஜெயிச்சவன் ஆயிரம் பேர் இருக்கான். தோத்த இடத்துக்குத் திரும்பிப் போறவனைப் பாக்கத்தான் டிக்கெட் வாங்கிக்கிட்டு வந்தோம்."

ஜுரத்தைப் பற்றி அப்போதும் அவர் எதுவும் சொல்லவில்லை. டீ என் தொண்டையில் இறங்கவில்லை.

மாமா சொன்ன கணக்கு சரியானது. ஃபோர்மன், ஃப்ரேசியரையும் நார்டனையும் இரண்டிரண்டு ரவுண்டில் சாய்த்தவர். 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அலி அவரைச் சந்தித்தபோது அலிக்கு வயது 32. ஃபோர்மன் ஏழு வயது இளையவர். அலியைக் கொன்றுவிடுவார் என்றே பலர் பயந்தார்கள். எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன்தான் கீழே விழுந்தார்.

அண்மைக் காலத்தில் அந்த வழியில் போனவர் உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக். சற்றுக் குறைந்த எடைப் பிரிவில் இருந்தபோது பெர்லின், ரிகா, மாஸ்கோ, மான்செஸ்டர் என்று எதிரியின் நாட்டுக்கே போய் அடித்தார். ஹெவிவெயிட்டுக்கு வந்து 2021-ல் லண்டனில் ஆன்டனி ஜோஷுவாவை வென்றார். 2024 மே மாதம் ரியாத்தில், தன்னைவிட அரையடி உயரமான டைசன் பியூரியை வென்று நான்கு பெல்ட்டுகளையும் ஒன்றாக்கினார். 1999-ல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு, இருபத்துநான்கு வருஷத்துக்கு மேல் ஹெவிவெயிட்டில் சர்ச்சையில்லாத ஒரே சாம்பியன் என்று யாரும் இருந்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், பியூரியோடு மறுபடியும் மோத ஒப்புக்கொண்டிருந்ததால் அடுத்த மாதமே ஒரு பெல்ட்டை அவர் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. அது டேனியல் டுபுவாவிடம் போனது. டிசம்பரில் பியூரியை மறுபடியும் வென்றார். 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தி விட்ட பெல்ட்டையும் மீட்டார்.

நம் நாட்டுக் கனரக வீரர்கள்

நம் நாட்டிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. ஹரியானாவின் ஹவா சிங் 1966, 1970 இரண்டு ஆசிய விளையாட்டுகளிலும் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். பஞ்சாபைச் சேர்ந்த ராணுவ வீரர் கவுர் சிங், அலி அதே 1980 பயணத்தில் டெல்லி வந்தபோது நான்கு ரவுண்டு அவர் முன்னால் நின்றவர். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சதீஷ் குமார், முந்தைய சண்டையில் கிழிந்த முகத்தில் தையல்களோடு உலக சாம்பியன் ஜலோலோவை எதிர்த்து நின்றார். வீட்டார் வேண்டாம் என்றார்கள். தோற்றார். ஆனால் மூன்று ரவுண்டும் நின்று முடித்தார்.

இதையெல்லாம் பார்த்துப் பிள்ளைகளைக் குத்துச்சண்டைக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தலையில் விழும் அடி விளையாட்டல்ல. அலிக்கு 42 வயதில் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. 2016-ல் மறையும் வரை அந்த நடுக்கத்தோடுதான் வாழ்ந்தார். கவுர் சிங் மருத்துவச் செலவுக்குக் கடன் வாங்கியதாக 2017-ல் பத்திரிகைகளில் வந்தது. அதன் பிறகே உதவிகள் வந்தன. அவர் 2023 ஏப்ரலில் காலமானார். துணிந்து நிற்கிறவனுக்குக் கைதட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை.

எதிர் பெஞ்சில் உட்கார்ந்தவர்

2001 பிப்ரவரி 28-ம் தேதி தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது வருஷத்து ஊர் ஒரே நாளில் வேலையில்லாத ஊராகிவிட்டது. விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூர் போய் வேலை பார்த்து, இரவு வீடு திரும்பும் வாழ்க்கை தொடங்கியது. இன்றும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த ரயிலை நம்பித்தான் இருக்கின்றன.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் பாதை பார்க்கும் வேலையாக அந்த வண்டியில் ஏறினேன். எதிர் பெஞ்சில் செக்யூரிட்டி யூனிபாரத்தில் ஒருவர். கை நீளம். அடையாளம் தெரிந்துவிட்டது. பெட்டி மாறவா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அதற்குள் அவரே கேட்டார்: "சாம்பியன் ரீஃப் ஜுரக்காரர்தானே நீங்க?"

இருபத்தெட்டு வருஷம் கழித்து ஒப்புக்கொண்டேன். "ஜுரம் இல்லண்ணே. பயம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கும்தான் தம்பி. ராத்திரி பூரா தூக்கமில்ல. உங்க மாமா பயிற்சி குடுத்த பையன் நீங்க. நீங்க வரலன்னதும் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைச்சேன்."

சுரங்கத்தில் இருபது வருஷம் இருந்தவர். நாற்பத்தைந்து வயதில் வேலை போய், புது ஊரில், தெரியாத பாஷையில், பாதிச் சம்பளத்துக்கு மறுபடி ஆரம்பித்திருந்தார். இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். "அது பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு. அதுக்காக ரயிலை விட்டுட முடியுமா?"

பயமில்லாதவன்தான் கோதாவில் இறங்குவான் என்று அந்த வயதில் நான் நினைத்திருந்தேன். அவருக்கும் என் அளவு பயம் இருந்திருக்கிறது. அவர் மைதானத்துக்கு வந்தார், நான் வரவில்லை. எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

மாமா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அன்று இரவே போய் அவரிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவருக்குத் தெரிந்ததுதான் என்றாலும், என் வாயால் கேட்க வேண்டும் என்று அவர் காத்திருந்திருப்பார்.