இடும்பனை நிறுத்திய சக்திக்குப் பகடையில் கணக்கு உண்டு, தெரியுமா?

பழனி மலைப்படி ஏறுகிறவர்கள் பாதி வழியில் இடும்பன் சந்நிதியில் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். அகத்தியர் சொல்லி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைக் காவடியாகத் தோளில் சுமந்து வந்தவர் அவர். மலைகளைக் கட்டிய கயிறு எது தெரியுமா? பாம்புகள்! அப்பேர்ப்பட்ட பலசாலி, இளைப்பாற மலைகளை இறக்கி வைத்தார். மறுபடி தூக்கினால் அசையவே இல்லை! சிவகிரியின் மேல் கோவணத்தோடு ஒரு சிறுவன், முருகன். சண்டை, மரணம், மறுபிறப்பு, காவல் பொறுப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் அடி விழும் முன்பே ஆள் நிறுத்தப்பட்டுவிட்டார்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லிப் பகடை உருட்டும் சூப்பர்ஹீரோ ஆட்டங்களில் இந்தத் தடுக்கும் சக்திக்குத் துல்லியமான விதி இருக்கிறது, தெரியுமா? 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த 'சாம்பியன்ஸ்' ஆட்டத்தில் அதன் பெயர் 'என்டாங்கிள்'. வலை, பனி, பசை எதுவானாலும் ஒரே விதி. சக்தியை வாங்க ஒரு பகடைக்கு 10 புள்ளி. 60 புள்ளி கொடுத்தால் வலையின் உறுதி 6, அதன் உயிர் சராசரியாக 6. சிக்கியவர் தன் பலத்தில் ஐந்துக்கு ஒரு பகடை வீதம் உருட்டித் திமிற வேண்டும். 1 விழுந்தால் பலன் இல்லை. 2 முதல் 5 வரை ஒன்று. 6 விழுந்தால் இரண்டு.

இப்போது பாருங்கள். சாதாரண மனிதரின் பலம் 10, அதாவது இரண்டு பகடை. இரண்டிலும் 6 விழுந்தாலும் கிடைப்பது 4தான்! உறுதி 6ஐ அது தொடவே தொடாது. விடிய விடிய உருட்டினாலும் வெளியே வர முடியாது. பலம் 60 உள்ள வீரருக்கோ 12 பகடை. சராசரி 12; உறுதி போக மிஞ்சும் 6, வலையின் சராசரி உயிருக்குச் சமம். ஒரே திமிறலில் வலை பிய்ந்துவிடும்!

இன்னும் கேளுங்கள்: சிக்கியவரை எதிரி அடித்தால் அடி முதலில் வலைமேல்தான் விழும். கட்டிப்போட்ட வலையே அவருக்குக் கவசம்! தோழரே வேண்டுமென்று ஓர் அடி வைத்து அவரை விடுவிக்கலாம்.

'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' ஆட்டத்தின் 2011 பதிப்பு வேறு வழியில் போகிறது. அங்கே 20 முகப் பகடை; எட்ட வேண்டிய எண் 10உடன் சக்தியின் நிலை. கொஞ்சம் தவறினால் நடை தளரும், 5 அல்லது அதற்கு மேல் தவறினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். எதிர்க்க வேண்டியது உடல்வலுவாலா மனவுறுதியாலா என்பதைச் சக்தியை அமைப்பவரே முடிவுசெய்யலாம். இடும்பனுக்குப் பொருந்துவது மனவுறுதி விதிதான் என்பேன். மலை தூக்கும் தோளுக்கு முருகன் முன்னே என்ன வேலை?

பிடித்து நிறுத்தும் சக்தி செடிக்கும் உண்டு. பழனி மலைத்தொடரில், கொடைக்கானல் பக்கத்துப் புல்வெளி ஈரங்களில், திரோசெரா என்ற பூச்சி தின்னும் செடி வளர்கிறது. விரல் நகத்தளவு இலை, அதன் ரோம நுனிகளில் மின்னும் பசைத்துளி. சத்துக் குறைந்த மண்ணில் நைட்ரஜன் கிடைக்க அதற்குப் பூச்சி வேண்டும். ஒட்டிய பூச்சி உதற உதற, பக்கத்து ரோமங்களும் வளைந்து வந்து அமுக்கும்! சாம்பியன்ஸில் திமிறத் திமிற வலை நைகிறது; இங்கே திமிறத் திமிறப் பிடி கூடுகிறது. ஆட்டம் நடத்துகிறவர்கள் இதையும் விதியாக்கிப் பார்க்க வேண்டும்: தோற்ற ஒவ்வொரு உருட்டலுக்கும் வலையின் உறுதி ஒன்று ஏறட்டும்!