மலேரியா மாத்திரையின் மற்றொரு பணி

வடசென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதியினருக்கு மலேரியா புதிதல்ல. கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவே நகரில் அதைப் பரப்புவது. அதற்குத் தரப்படும் மாத்திரை குளோரோகுயின். அதன் உறவு மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினை, மலேரியா இல்லாத லூபஸ் நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் உட்கொள்கின்றனர். ஏன் தெரியுமா?

லூபஸ் நோயில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய ஆற்றல் நமது தோல், மூட்டு, சிறுநீரகங்களையே தாக்குகிறது. இரண்டாம் உலகப் போரில், மலேரியாவைத் தடுக்க மெபாக்ரின் மாத்திரை உண்ட வீரர்கள் சிலருக்குத் தோல் தடிப்பும் மூட்டு வலியும் தணிந்தன. 1951-இல் பேஜ் என்ற மருத்துவர், லூபஸ் நோயாளிகளுக்கு அதைத் தந்து பலன் கண்டதை வெளியிட்டார்.

மருந்து என்ன செய்கிறது? கிருமி நுழைந்ததும் அபாய மணி அடிப்பவை, நம் செல்களிலுள்ள 'டோல் வகை ஏற்பிகள்'. மனிதரில் இவை 10. அவற்றுள் 7-ஆம் ஏற்பி வைரசின் ஆர்.என்.ஏ.வையும், 9-ஆம் ஏற்பி கிருமிகளின் டி.என்.ஏ.வையும் உணர்கின்றன. இப்பொருள்கள் நம் செல்களிலும் உண்டல்லவா? இறந்த செல்களின் சிதைவைக் கிருமி என்று கொண்டு மணி ஓயாமல் அடித்தால் லூபஸ் மூளலாம். 7-ஆம் ஏற்பியின் மரபணுவில் நேர்ந்த ஒரே மாற்றம், ஒரு சிறுமிக்கு லூபஸ் வரக் காரணமானதை 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவ்விரு ஏற்பிகளும் செல்லுக்குள், அமிலத்தன்மையுள்ள நுண்பைகளில் வேலை செய்கின்றன. மருந்து அப்பைகளில் சேர்ந்து அமிலத்தன்மையைக் குறைக்கிறது, ஏற்பிகள் அடங்குகின்றன.

2020-இல், கோவிட் நோய்க்கு உதவும் என்று நம்பிப் பலர் இம்மாத்திரையை வாங்கிக் குவித்தனர். பெரிய சோதனைகளில் அது கோவிடைக் குணப்படுத்தவில்லை. லூபஸ் நோயாளிகளுக்கோ பல நாடுகளில் தட்டுப்பாடு ஏற்பட்டது. மருத்துவர் சொல்லாமல் இதை யாரும் உண்ணக்கூடாது. நெடுநாள் உண்போருக்குக் கண் பரிசோதனையும் தேவை.