ஒரு பூச்சி, இரண்டு சட்டை

விருத்தாசலம் என்றதும் பீங்கான் நினைவுக்கு வரும். பீங்கானுக்கு உயிர் களிமண். களிமண் தரைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஐப்பசியில் பெய்த மழையை அது சட்டென்று உறிஞ்சிவிடாது. அப்படித் தண்ணீர் தேங்கும் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தழைப்பது நீர்முள்ளி. நாட்டுமருந்துக் கடையில் இதன் விதைக்கு மதிப்பு; மற்றவர்களுக்கு இது வெறும் முட்செடி. மயில் வசீகரன் பட்டாம்பூச்சிக்கோ பிள்ளைகள் வளரும் வீடு.

இறக்கை விரித்தால் சுமார் 6 செ.மீ. ஆரஞ்சு நிறம். பின்னிறக்கைகளில் மயில்தோகைக் கண் போலப் பெரிய புள்ளிகள். அவை அழகுக்கு மட்டும்தானா? 2009இல் உல்லாச கொடண்டராமையாவும் சக ஆய்வாளர்களும் சில பூச்சிகளின் கண்புள்ளிகள் மேல் வண்ணம் பூசி மறைத்து, பறவைகள் முன் விட்டார்கள். புள்ளி தெரிந்த பூச்சிகளைப் பறவைகள் குறைவாகவே தாக்கின.

அதைவிட வியப்பு இறக்கையின் அடிப்புறத்தில். மழைக்காலத்தில் அங்கே கோடுகளும் சின்னக் கண்புள்ளிகளும் இருக்கும். வறண்ட காலத்தில் பிறப்பவற்றுக்கு அவை மங்கிப்போய், நடுநரம்பு ஓடிய காய்ந்த இலையாகவே இறக்கை மாறிவிடும், ஓரங்கள்கூடக் கூர்மையாகும். சருகுகளுக்கு நடுவே மூடிய இறக்கையோடு உட்கார்ந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். 1758இல் லின்னேயஸே ஏமாந்தார்: இரண்டையும் வெவ்வேறு இனமாக எண்ணி, வறண்ட காலத்தினதற்கு அல்மானா என்றும் மழைக்காலத்தினதற்கு அஸ்டெரி என்றும் பெயர் வைத்தார். இன்று நிலைத்திருப்பது ஜூனோனியா அல்மானா.

ஒரே மண் சூளையின் சூட்டுக்கேற்ப வேறு வேறு நிறமாக வெந்து வருவது பீங்கான் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். பருவத்துக்கேற்ப உருமாறும் ஆப்பிரிக்கப் பட்டாம்பூச்சி ஒன்றிலும் கிட்டத்தட்ட அதே கதை. புழுப்பருவத்தில் படும் வெப்பத்துக்கேற்ப எக்டைசோன் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரம் மாறுகிறது. அதற்கேற்ப இறக்கை தீர்மானமாகிறது. மரபணு மாறுவதில்லை, அது வாசிக்கப்படும் விதம்தான் மாறுகிறது.

இந்த வித்தையெல்லாம் நடக்க முதலில் புழுவுக்குத் தழை வேண்டும். ஏரியைத் தூர்வாருங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? கரையோரம் நாலு நீர்முள்ளிப் புதரை மட்டும் வெட்டாமல் விட்டுவையுங்கள். அதில் முள்முள்ளாய்க் கரும்புழு தென்பட்டால் மருந்தடிக்காதீர்கள்.